வடசென்னையிலிருந்து ஒரு படகுச் சவாரி: முதல் தடவை போகிறவர்களுக்கு

வடசென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இவ்வளவு தண்ணி இருக்கே, குடும்பத்தோட ஒரு அரை மணி நேரம் படகுல சுத்த இங்க இடமே இல்லையா?" நியாயமான கேள்விதான். கிழக்கே கடல். வடக்கே கொசஸ்தலை ஆறும் எண்ணூர் முகத்துவாரமும். மேற்கே ரெட்டேரி, மாதவரம், புழல். நடுவே பக்கிங்காம் கால்வாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் இருக்கிறது, ஆனால் எல்லாமே வேலை பார்க்கிற தண்ணீர். காசிமேட்டில் இருப்பவை மீன்பிடிப் படகுகள். துறைமுகத்துக்குள் நாம் போக முடியாது. புழல் ஏரி குடிநீருக்கானது.

ஆனாலும் படகுச் சவாரி உங்களுக்கு எட்டாத விஷயம் இல்லை. ஒரு ரயில் டிக்கெட் தூரத்தில் இருக்கிறது. எங்கே, எப்போது, எப்படி என்று தெரிந்துகொண்டு போனால் அரை நாளில் நிம்மதியாகப் போய்வரலாம். என் யோசனை ஒன்றுதான்: முதல் சவாரியைச் சின்ன ஏரியில், வெயில் இல்லாத நேரத்தில், உடம்பில் லைஃப் ஜாக்கெட்டோடு செய்யுங்கள். பெரிய தண்ணீருக்கு அப்புறம் போகலாம்.

போக முடியாத இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், அலைச்சல் மிச்சமாகும்.

செங்குன்றம் பக்கம் போனவர்கள் புழல் ஏரியைப் பார்த்ததும் படகு எங்கே என்றுதான் தேடுவார்கள். 1876-இல் கட்டிய ஏரி அது. 3,300 மில்லியன் கனஅடி தண்ணீர் பிடிக்கும். பூண்டியிலிருந்து கால்வாய் வழியாக வரும் தண்ணீரும் அங்கேதான் சேர்கிறது. நம் வீட்டுக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர் என்பதால் பொதுமக்களுக்குப் படகு விடுவதில்லை, விடவும் கூடாது. கரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். ரெட்டேரி, மாதவரம், வில்லிவாக்கம் ஏரிகளின் பக்கம் காலையில் ஒரு நடை போய்வரலாம். படகை நம்பி முதல் பயணத்தை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

பக்கிங்காம் கால்வாயைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பேசில் காக்ரேன் என்பவர் எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் 1806-இல் முடிந்தது. பிறகு பழவேற்காடு ஏரி வரைக்கும், அதையும் தாண்டி ஆந்திரத்துக்குள்ளும் நீண்டது. உப்பும் விறகும் படகில் வந்து பேசின் பிரிட்ஜ் பக்கம் இறங்கின. ரயில்வே சரக்கு யார்டுக்கு சால்ட் கோட்டர்ஸ் என்று இன்றும் இருக்கும் பெயர் அந்த உப்பு வியாபாரத்தின் மிச்சம்தான். இன்றைக்கு அதில் ஓடுவது கழிவுநீர். யாராவது சுத்தம் செய்து மறுபடியும் படகு விட்டால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். அதுவரை அந்தப் பக்கம் பாலத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

எண்ணூர் முகத்துவாரத்திலும் அப்படியே. அங்கே மீனவர்கள் தொழில் செய்கிறார்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் நீரோட்டம் எந்த நேரத்தில் எப்படி இழுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நமக்கு அது இடம் இல்லை.

முதல் சவாரி: சேத்துப்பட்டு ஏரி

சென்னை நகரத்துக்கு உள்ளேயே மிஞ்சியிருக்கும் ஏரிகளில் சேத்துப்பட்டு ஏரி ஒன்று. மீன்வளத் துறை அதைச் சீர்செய்து, சுற்றிலும் நடைபாதை போட்டு, 2016-இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தது. படகும் உண்டு, தூண்டில் போட்டு மீன் பிடிக்கவும் இடம் உண்டு. ஏரி சின்னது என்பதுதான் முதல் தடவை போகிறவர்களுக்கு நல்லது. எங்கே இருந்தாலும் கரை கண்ணுக்குத் தெரியும். கரையில் நிற்கிறவருக்கும் நீங்கள் தெரிவீர்கள்.

போகும் வழி இரண்டு. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி நிலையத்தில் இறங்கலாம். ராயபுரம், பாரிமுனைப் பக்கம் இருப்பவர்களுக்கு பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறி, எழும்பூருக்கு அடுத்த சேத்துப்பட்டில் இறங்குவது சுலபம், செலவும் குறைவு. பெரியவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் மெட்ரோதான் வசதி. படி ஏறி இறங்க வேண்டாம், லிஃப்ட் இருக்கிறது. எந்த வழியில் வந்தாலும் கடைசித் தூரத்தை நடந்தோ ஆட்டோவிலோ முடித்துவிடலாம்.

கிளம்பும் முன் ஒரு வேலை: பூங்கா நேரமும் வார விடுமுறையும் பார்த்துவிடுங்கள். படகுக்கு டிக்கெட் கொடுப்பதைப் பூங்கா மூடும் நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். நுழைவுச் சீட்டு வேறு, படகுச் சீட்டு வேறு. சில்லறை நோட்டு கொஞ்சம் எடுத்துப் போங்கள். க்யூ.ஆர் கோடு இருந்தாலும் சிக்னல் காலை வாரும்போது பின்னால் இருக்கும் வரிசை பொறுமை இழக்கும்.

மாதமும் நேரமும்

ஜனவரி, பிப்ரவரிதான் அருமையான மாதங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. பறவைகளும் அதிகம். மார்ச்சும் பரவாயில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் இறங்கிவிடும், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தைக் காய்ச்சிவிடும். போயே ஆகவேண்டும் என்றால் காலையில் போங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு எச்சரிக்கை உண்டு. சென்னையில் அந்த மாதங்களில் பகல் முழுக்க வெயில் அடித்துவிட்டு, சாயங்காலம் மேற்கே கறுத்து, இடி மின்னலோடு கொட்டும். ஏரி நடுவில் சுற்றிலும் உங்களைவிட உயரமாக எதுவும் இருக்காது. மின்னலுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. தூரத்தில் இடி கேட்டாலே படகைத் திருப்பிவிடுங்கள். டிக்கெட் நேரம் மிச்சம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை எச்சரிக்கை இல்லாத நாளாகப் பார்த்துப் போகவேண்டும்.

கூட்டம் பிடிக்காதவர்கள் ஞாயிறு சாயங்காலத்தையும் பொங்கல் விடுமுறையையும் தவிர்த்தால் போதும். வார நாளில் காலை வேளை கிடைத்தால் ஏரி கிட்டத்தட்ட உங்களுடையது.

காற்றையும் கவனியுங்கள். கோடைக்காலத்தில் நண்பகல் தாண்டியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். வெயிலுக்கு அது இதம், மிதிபடகுக்குத் தொல்லை. படகு லேசானது, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே, கால் புதிதாக இருக்கும்போதே காற்றை எதிர்த்துப் போய்விடுங்கள். திரும்பும்போது காற்றே உங்களைக் கரைக்குக் கொண்டுவரும். இதை மாற்றிச் செய்த குடும்பங்கள் ஏரியின் அந்தக் கோடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கையைக் காட்டுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஜாக்கெட்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் படகில் ஏறும் முன்பே, கரையில் நின்று போட்டுக்கொள்ள வேண்டும். மடியில் வைத்துக்கொள்வது, சீட்டுக்கு அடியில் போடுவது, போட்டோவுக்காகக் கழற்றுவது எதுவும் கூடாது. எல்லாக் கொக்கிகளையும் மாட்டுங்கள், பட்டையை இறுக்குங்கள். அப்புறம் ஒரு சோதனை: கூட வந்தவரை, ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறி வந்தால் உங்களுக்குப் பெரியது, அல்லது பட்டை தளர்வாக இருக்கிறது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் கீழே நழுவிவிடுவார். குழந்தைகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டி, "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். "அண்ணா, குழந்தை சைஸ் இருந்தா குடுங்க, இல்லைன்னா நாங்க அடுத்த ரவுண்டுல போறோம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கொடுத்த ஜாக்கெட்டில் கொக்கி உடைந்திருந்தாலும் அப்படியே.

சேலையோ துப்பட்டாவோ இருந்தால் முந்தானையை இடுப்பில் செருகி, அதன் மேல் ஜாக்கெட்டைப் போடுங்கள். மிதிக்கட்டையில் துணி மாட்டிக்கொள்வது சாதாரணமாக நடப்பதுதான்.

நீச்சல் தெரிந்தவர்கள் ஜாக்கெட் வேண்டாம் என்பார்கள். காசிமேட்டுப் பையன்கள் சொன்னால்கூட நான் கேட்க மாட்டேன். உடுத்திய துணியோடு, காலில் செருப்போடு, எதிர்பாராமல் விழுகிறவருக்கு அந்த நீச்சல் கைகொடுக்க நேரம் ஆகும்.

ஏறுவது, மிதிப்பது, திருப்புவது

ஒவ்வொருவராக ஏறவேண்டும். படகின் விளிம்பில் கால் வைக்காமல் நடுவில் வைத்து, உடனே உட்காருங்கள். நின்றுகொண்டு அடுத்தவருக்குக் கை கொடுக்காதீர்கள், அந்த வேலையைக் கரையில் இருக்கும் ஊழியர் செய்வார். எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி உட்காருங்கள். அப்பாவும் மாமாவும் ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம் என்று இருந்தால் படகு சாய்ந்தே போகும், நேராகவும் போகாது.

மிதிபடகில் இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரு கைப்பிடி இருக்கும். அதுதான் திசை திருப்புவது. அதை ஒருவர் மட்டும் பிடிக்கட்டும். திருப்பியதும் படகு திரும்பிவிடாது, கொஞ்சம் தாமதித்துத்தான் தலையை அசைக்கும். புதியவர்கள் பொறுமை இழந்து இன்னும் திருப்புவார்கள், படகு வட்டம் போட ஆரம்பித்துவிடும். லேசாகத் திருப்பிவிட்டுக் காத்திருங்கள். வேகமாக மிதித்தால் வேகமாகப் போகும் என்பதும் இல்லை. இரண்டு பேரும் ஒரே சீராக, மெதுவாக மிதித்தால் கால் வலிக்காமல் முழு நேரமும் சுற்றலாம்.

பிரேக் கிடையாது. நிறுத்தவேண்டும் என்றால் பின்பக்கமாக மிதிக்கவேண்டும். படகுத்துறைக்குத் திரும்பும்போது கொஞ்ச தூரம் இருக்கும்போதே மிதிப்பதை நிறுத்திவிட்டால் படகு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். துறையில் இடிக்கப்போகிறது என்று கையை வெளியே நீட்டித் தடுக்காதீர்கள், விரல் நசுங்கும்.

ஆகாயத்தாமரை மிதக்கும் பக்கம் போகவேண்டாம். அதன் வேர் அடியில் இருக்கும் துடுப்புச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் பலங்கொண்டு முன்னால் மிதிக்காமல், பின்னால் மெதுவாக மிதித்துப் பாருங்கள். பெரும்பாலும் கழன்றுவிடும். கழலவில்லையா, கையை உயர்த்தி ஆட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள், ஆள் வருவார். குனிந்து கையால் எடுக்கப் போவதுதான் ஆபத்து.

துடுப்புப் படகு கிடைத்தால், வலிக்கிறவர் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்காரவேண்டும். எதிரில் இருப்பவர்தான் அவருக்குக் கண். கையால் மட்டும் இழுத்தால் சீக்கிரமே சோர்ந்துவிடுவீர்கள், முதுகைச் சாய்த்து இழுக்கவேண்டும். ஒரு துடுப்பை மட்டும் வலித்தால் படகு மறுபக்கம் திரும்பும்.

படகு நகர்ந்த பிறகு யாரும் எழுந்து நிற்கவும் இடம் மாறவும் கூடாது. ஏதாவது ஒரு பறவையைப் பார்த்து எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதும் கூடாது. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடி ஏரியில் இரண்டு அடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததும் படகு சாய்ந்தது என்று அப்போது பேசப்பட்டது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள் என்று படகுக்காரர் அதட்டும்போது கோபப்படக் கூடாது என்பதற்குச் சொல்கிறேன்.

ஒருவேளை கவிழ்ந்தால்? கரையை நோக்கி நீந்தாதீர்கள். படகைப் பிடித்துக்கொண்டு இருங்கள். கவிழ்ந்த படகும் பெரும்பாலும் மிதக்கும். கரையிலிருந்து தேடி வருகிறவர் கண்ணுக்குத் தலையைவிடப் படகுதான் முதலில் தெரியும். ஒருவர் விழுந்தால் இன்னொருவர் பின்னால் குதிக்காமல், துடுப்பையோ மிதவை வளையத்தையோ நீட்டவேண்டும்.

என்ன பார்ப்பது

ஏரிக்குள் போனதும் கொஞ்ச நேரம் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா மிதந்து பாருங்கள். ஈ.வெ.ரா. பெரியார் சாலையின் இரைச்சல் தண்ணீருக்கு மேல் வேறு மாதிரி கேட்கும். கரையோரம் வெள்ளையாக நிற்பது கொக்கு. அதே உயரத்தில் பழுப்பாக, அசையாமல் நின்று, பறக்கும்போது மட்டும் வெள்ளை இறக்கை காட்டுவது மடையான். கம்பத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருப்பது நீர்க்காகம். பந்து போலக் குட்டியாக மிதந்து, நீங்கள் நெருங்கியதும் மூழ்கி வேறு இடத்தில் எழும்புவது முக்குளிப்பான். அது எங்கே எழும்பும் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள், செல்போனை மறந்துவிடுவார்கள். பறவைகளைத் துரத்தாமல் இருந்தால் அவையே பக்கத்தில் வரும். சிப்ஸ், பொரி எதையும் தண்ணீரில் போடாதீர்கள். பிளாஸ்டிக் கவர் பறந்து போய்விழும், அதை எடுக்க ஆள் கிடையாது.

செல்போனை ஜிப் வைத்த கவரில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு ஒரு கயிறு கட்டுவது நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறவேண்டாம். பிள்ளைகளை முதலில் கழிப்பறைக்கு அழைத்துப் போய்வாருங்கள், ஏரி நடுவில் அதற்கு வழி இல்லை.

பெரிய தண்ணீர்

சின்ன ஏரியில் பழகியாயிற்று, மோட்டார் படகில் போகவேண்டும் என்றால் முட்டுக்காடு இருக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-இல் தொடங்கிய படகுக் குழாம் அது. வடசென்னையிலிருந்து நகரத்தின் மறுகோடி என்பதால் ஒரு முழு நாளை ஒதுக்கவேண்டும். பீச்சிலிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர் போய், அங்கிருந்து ஈ.சி.ஆர் பஸ் பிடிக்கலாம். மோட்டார் படகில் முன்னால் உட்கார்ந்தால் தண்ணீர் தெறிக்கும். நனையாமல் இருக்கவேண்டிய பெரியவர்களைப் பின்னால் உட்கார வையுங்கள்.

ஆனால் வடசென்னைக்காரர்களுக்கு மனசுக்கு நெருக்கமானது பழவேற்காடுதான். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதில் பெரும் பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஏறி, மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ். சுமார் 18 கிலோமீட்டர்.

அங்கே படகு விஷயத்தில் கறாராக இருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த இடம் அது. அதற்குப் பிறகு சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றத் தடை வந்தது. இருந்தாலும் கரையில் நின்றால் யாராவது வந்து "ஒரு ரவுண்டு போலாமா" என்று கேட்பார்கள். அரசு அனுமதியோடு, ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு, எல்லோருக்கும் ஜாக்கெட்டோடு நடக்கும் சவாரி என்றால் ஏறுங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். மீனவர் படகு மீன் பிடிக்கச் செய்தது. அவர் தொழிலில் அவர் கெட்டிக்காரர்தான், அதற்காகப் பத்து இருபது பேர் நெருக்கியடித்து உட்காருவதை அந்தப் படகு தாங்கும் என்று ஆகாது. ஏரி சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தானே என்று நினைக்கவேண்டாம். முகத்துவாரம் பக்கம் ஓட்டம் கடுமையாக இருக்கும்.

படகில் ஏறாமலே பழவேற்காட்டில் பார்க்க நிறைய இருக்கிறது. கலங்கரை விளக்கம் பக்கம் போகும் பாலத்தில் காலையில் நின்றால் ஏரியின் இரண்டு பக்கமும் தெரியும். தண்ணீரில் வரிசையாக நட்ட குச்சிகள் வலைகளுக்கானவை. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடியும் மாதங்களில் பூநாரைகள் வரும். அவை முழங்கால் ஆழத்தில் தூரத்தில் நிற்கும், பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். இருட்டும் முன் பொன்னேரி பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள், கடைசி பஸ்ஸை நம்பி உட்காரவேண்டாம்.

எந்த ஏரிக்குப் போனாலும் செல்போனில் இரண்டு எண்களைப் பதிந்து வையுங்கள்: அவசரத்துக்கு 112, கடலோரப் பாதுகாப்புக்கு 1093. படகை விட்டு இறங்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், நகரத்து ஏரித் தண்ணீர் பிள்ளைகள் வாயில் போகக் கூடாது. சேத்துப்பட்டிலிருந்து ரயிலில் திரும்புகிறவர்கள் பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பர்மா பஜார் பக்கம் சாயங்காலத்தில் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகள் திறந்திருக்கும். மிதித்த காலுக்கும் பசித்த வயிற்றுக்கும் சூடாக ஒரு தட்டு, கூடவே வாழைத்தண்டு சூப்பும் கேளுங்கள்.